சோற்றுச் சீட்டு

கிட்டுசாமி சோறு திருடித் தின்பவர். அமெரிக்காவில், சான் ரமோனில் மகன் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பேத்தி தீக்ஷா பாதியில் எழுந்து போன தட்டை, "குடு சாமி, நாங் கழுவிப் போடறேன்" என்று வாங்கிக்கொண்டு போவார். முதுகைக் கூடத்துக்குக் காட்டி சிங்க்கைப் பார்த்து நிற்பார். தயிர் ஒட்டிய சோற்றை வழித்து வாயில் போட்டு மெல்லாமல் விழுங்குவார். சத்தம் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார்.

அன்றைக்கு அவர் மனைவி நாகமணி குழாய்ச் சத்தத்தில் ஏமாறவில்லை.

"இக்கட்ட திரும்புங்க."

திரும்பினார். வாய் மூடியிருந்தது.

"வாயத் தொறங்க."

"ஒண்ணுமில்ல புள்ள" என்று சொல்லவே வாயைத் திறக்க வேண்டியிருந்தது. நாகமணி ஆள்காட்டி விரலை உள்ளே விட்டாள். கடைவாயில் ஒதுக்கியிருந்த கவளத்தைத் தோண்டி எடுத்துக் குழாயடியில் போட்டாள். பாலிதீன் பையை மென்ற கன்றுக்குட்டியிடம் பிடுங்குவதுபோலத்தான் செய்தாள்.

மாடியிலிருந்து மீட்டிங் முடித்து இறங்கிய மருமகள் ரோஷினி படியிலேயே நின்றுவிட்டாள்.

"அத்தை! என்னங்க அத்தை இது? அவரென்ன கொழந்தையா?"

"நீ கம்முனு இரு அம்மிணி. சக்கரை ஏறிக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னா, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது நீயா? நாந்தான போகோணும்."

கிட்டுசாமி வாயைக் கொப்பளித்தார். "ஒரு வாய்ச் சோத்துல கண்ணு போயிருமாக்கும். இவ பெரிய டாக்டரு" என்று தண்ணீரிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் கிணறு வெட்டியவர். சென்னிமலைக்குத் தெற்கே சுற்றுவட்டாரத்தில் அவர் இறங்காத கிணறு குறைவு. கடப்பாறை போட்டு, வெடி வைத்து, கல்லைக் கூடையில் ஏற்றிவிட்டு, பொழுதோடு மேலே வருகிறபோது கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரியும். வட்டலில் மலையாய்ச் சோற்றைக் குவித்து வைத்தால் மலை கரைகிற வரை நிமிர மாட்டார். கூலி வேலைக்காரன் சாப்பாடு அது. அப்படிப்பட்ட ஆளுக்குச் சர்க்கரை வந்தது. டவுன் டாக்டர் தலையை நிமிர்த்தாமல், எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார்: "ராத்திரிக்குச் சோத்த விட்டுப்போட்டு ரெண்டு சப்பாத்தி தின்னுங்க."

ராத்திரிக்கு நல்லதென்றால் மூன்று வேளைக்கும் நல்லதுதானே என்று நாகமணிக்குப் பட்டது. காலையில் கோதுமை தோசை. மத்தியானம் சம்பா ரவையை வேகவைத்துச் சோறுபோல ஒரு சோறு. இரவுக்குச் சப்பாத்தி. ரேஷன் கோதுமையைக் கல் பொறுக்கி, கழுவி, காயப்போட்டு, மில்லுக்குத் தூக்கிப் போய் அரைத்து வருவாள். மஞ்சள் காட்டில் நாளெல்லாம் குனிந்துவிட்டு வந்து, விரலிடுக்கில் மஞ்சள் போகாத கையோடு மாவு பிசைவாள். சப்பாத்தி என்ற பண்டத்தை அவள் அம்மா கண்ணால்கூடக் கண்டதில்லை. இவள் தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டில் முண்டு விழுந்துவிட்டது.

கிட்டுசாமி இளைத்தார். சர்க்கரை உருக்குகிறது என்றார்கள். நாளைக்கு நாலு தடவை ஒதுங்கினார். சர்க்கரை மாத்திரை அப்படித்தான் செய்யும் என்றார்கள். ரத்தம் இல்லை, வயசு. எலும்பில் குடைச்சல், கடப்பாறை பிடித்த உடம்பு. எந்தக் கோளாறைக் கேட்டாலும் ஊரில் ஒரு பதில் தயாராக இருந்தது.

அவர் மட்டும் வேறு சொன்னார். "சோறு தின்ன அன்னைக்கு வகுறு கம்முனு கெடக்குது நாகு. இந்தக் கோதுமைதாம் புள்ள எனக்கு ஒத்துக்க மாட்டேங்குது."

"அது உங்க நாக்கு பேசற நாயம்" என்று அடித்துவிடுவாள்.

அவளுக்கு மட்டும் ஒரு கைப்பிடி அரிசி தனியாக வேகும். அவர் கண்ணில் பட்டால் ஏங்குவார் என்று, அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றுவிட்டு, வட்டலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வெளியே வருவாள். சான் ரமோன் வீட்டில் அடுப்படிக்குச் சுவரே கிடையாது. கூடத்தோடு சேர்ந்து திறந்து கிடக்கிறது. அதனால் இங்கே துணி துவைக்கிற மிஷின் ரூமில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தின்றாள்.

செப்டம்பர் வெயில் அங்கே ஈரமில்லாத வெயில். சுற்றியிருக்கும் குன்றெல்லாம் காய்ந்த வறட்டி நிறத்தில் கிடந்தது. தெருக்கோடியில் பைப் மாற்றக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை போட்ட மெக்சிகோ ஆட்கள். கிட்டுசாமி தினமும் போய் நடைபாதை ஓரத்தில் குந்திக்கொள்வார். மிஷின் கொத்தி எடுக்கிற மண்ணைப் பார்த்து, "அடியில சுக்காம்பாறை வருது, ஓரமாப் போடு" என்று தமிழில் சொல்வார். அவர்கள் சிரித்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டித் தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள்.

ஒரு நாள் முற்பகல் அவர்கள்தான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குந்தியிருந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாராம். தூக்கி வந்தவன் ரோஷினியிடம் இங்கிலீஷில் சொன்னான்: "வெயிட்டே இல்லை. காலி மூட்டை மாதிரி இருக்கிறார்."

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். இவ்வளவு ரத்தம் எங்கே போகிறது என்று தேடினார்கள். ரத்தத்தைச் சோதித்து, அப்புறம் வாய் வழியாகக் குழாயை விட்டுக் குடலில் துணுக்கு எடுத்தார்கள். முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று மகன் மதன் லீவு போட்டுவிட்டு டிரைவ் பண்ணி வந்தான். நாலு பேரும் சின்ன அறையில் உட்கார்ந்தார்கள்.

டாக்டரம்மா திரையில் ஒரு படத்தைக் காட்டினார். ரோஷினி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கொடலுக்குள்ள கம்பளி மாதிரி மொசமொசன்னு இருக்கோணுமாங்க மாமா. திங்கற சத்த அதுதான் உறிஞ்சுமாம். உங்களுக்கு அது பூராம் தேஞ்சு, சிமெண்டுத் தரையாட்ட வழவழன்னு ஆயிருச்சாம்."

"எதுனால?" என்றாள் நாகமணி.

ரோஷினி டாக்டரை ஒரு தடவை திருப்பிக் கேட்டாள். பிறகு மதனைப் பார்த்தாள். மதன் தரையைப் பார்த்தான்.

"சொல்லு அம்மிணி. எதுனால?"

"கோதுமைனாலங்க அத்தை."

நாகமணி ரோஷினியின் கையைப் பிடித்தாள்.

"என்ன சொல்ற நீயி?"

"சீலியாக்குன்னு பேருங்க. கோதுமையில ஒரு சத்து இருக்குது, குளூட்டன். அது உள்ள போனா இவங்க ஒடம்பு தன் கொடலத் தானே அரிச்சுக்குமாம். வருசக் கணக்கா இருந்திருக்கும்ங்கறாங்க."

நாகமணி எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தாள். "சக்கரைக்கு மருந்தே கோதுமைதான? டாக்டர் சொன்னதுதான? சரியாக் கேளு. வேற ஆரோட பரிச்சையோ மாறி வந்திருக்கும்."

"மாறலைம்மா" என்றான் மதன். "நானே ரெண்டு தடவ செக் பண்ணிட்டேன்."

"செரி, மருந்து எழுதச் சொல்லு."

"மருந்து கிடையாதுங்க அத்தை. கோதுமைய விடறதுதான் மருந்து. சாகற வரைக்கும் ஒரு துளிகூடக் கூடாது."

சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த கிட்டுசாமி மெதுவாகக் கேட்டார்: "சோறு?"

"சோறு தின்னலாங்க மாமா. அரிசி ஒண்ணும் பண்ணாதாம். சக்கரைக்காக அளவு மட்டும் பாத்துக்கோணுமாம்."

அவர் தலை ஆடியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

பக்கத்து அறையில் டயட்டீசியன். கை நிறைய வளையல் போட்ட வெள்ளைக்காரப் பெண். எதில் கோதுமை ஒளிந்திருக்கும் என்று விளக்கினாள். சோயா சாஸ், சூப், சில மாத்திரைகள்கூட. மரப் பலகை, பழைய தோசைக்கல், சல்லடை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அரிசி, கம்பு, ராகி, சோளம் நல்லது என்றதும் கிட்டுசாமி நிமிர்ந்தார்.

"கம்பா? அந்தக் கூழ மோந்தாலே ஆகாதுன்னுதான் கெணத்துக்குள்ள எறங்குனேன். அமெரிக்காவுக்கு வந்து அதத் திங்கோணுமா? வேண்டாம்னு சொல்லு."

ரோஷினி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். இங்கிலாந்தில் இந்த வியாதிக்காரர்களுக்குக் கோதுமை இல்லாத ரொட்டியை டாக்டரே மருந்துச் சீட்டில் எழுதித் தருவதுண்டு. இங்கே அந்த வழக்கமில்லை, கடையில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றாள்.

"ரொட்டிக்குச் சீட்டா?" கிட்டுசாமி நாற்காலியை முன்னால் இழுத்தார். "அப்ப எனக்குச் சோத்துக்கு ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லு அம்மிணி. கையெழுத்துப் போட்டு."

"மாமா, சோத்துக்கெல்லாம் எதுக்குங்க..."

"எழுதச் சொல்லு. வாயில சொன்னா என்ற ஊட்ல செல்லாது."

நாகமணி தலையைத் திருப்பவில்லை. அந்தப் பெண் விஷயத்தை முழுக்கப் புரிந்துகொள்ளாமலே தாளைக் கிழித்து எழுதினாள்: வெந்த சோறு ஒரு கப், பகலுக்கும் இரவுக்கும். கீழே கையெழுத்து. கிட்டுசாமி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஃப்ரீவேயில் கார் ஊர்ந்தது. முன்சீட்டிலிருந்து திரும்பாமலே அவர் ஆரம்பித்தார்.

"சொன்னனா இல்லையா நானு?"

பின்சீட்டில் நாகமணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வகுத்துக்கு ஒத்துக்கலைன்னு சொன்னனா இல்லையா? நஞ்சுண்டன் மவன் கல்யாணத்துல, ஒரம்பரை சொந்தம் அத்தன பேரும் பாக்க, எலையில போட்ட சோத்தக் கையால வழிச்சு எடுத்துப்போட்டுப் போனயே. எச்சியோட எந்திரிச்சனே நானு."

"அப்பா, விடுங்கப்பா. அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு." கொஞ்ச தூரம் போனதும் குரல் இறங்கியது. "அவ மட்டும் அடுப்படியில உக்காந்து சோறு தின்னா. வாசம் வராதுன்னு நெனச்சுட்டா. அரிசி வேகற வாசம் வராமப் போயிருமா?"

நாகமணி ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடந்தாள். வீட்டுக் கதவைத் திறந்ததும் நேராக அடுப்படிக்குப் போனாள். கோதுமை மாவு மூட்டையைத் தரையோடு இழுத்தாள். ரவை, மைதா, சேமியா, பிஸ்கட், தீக்ஷாவின் பாஸ்தா. ஊரிலிருந்து பெட்டிக்குள் சேலைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்த சப்பாத்திப் பலகை, குழவி. எல்லாவற்றையும் காரேஜில் இருக்கும் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். மாவு எழும்பி முகத்திலும் மயிரிலும் படிந்தது.

"அம்மா, பிரிக்காத பாக்கெட்டெல்லாம் டொனேட் பண்ணலாம்மா" என்றான் மதன்.

"இந்த வெசத்தையா?"

"மத்தவங்களுக்கு வெசம் இல்லைங்க அத்தை" என்றாள் ரோஷினி.

"ஆருக்கு வெசம், ஆருக்கு மருந்துன்னு இனி நான் என்னத்தக் கண்டேன்? நான் மருந்துன்னுதான் ஊட்டுனேன்."

அன்றிலிருந்து அவள் அடுப்பைத் தொடவில்லை. ரோஷினிதான் டயட்டீசியன் கொடுத்த பட்டியலைப் பார்த்துப் பார்த்து, காரம் மசாலா இல்லாமல் எதையோ வேகவைத்துக் கொடுத்தாள். ஊரில் மில்லில் அரைத்த சாம்பார்ப் பொடியைக்கூட, கோதுமை அரைத்த மிஷின் என்று தூக்கிப் போட்டுவிட்டாள். கிட்டுசாமி சீட்டில் எழுதியபடி கப்பால் அளந்து சோறு தின்றார். மலைகளில் முதல் மழை விழுந்து பச்சை கிளம்பியபோது அவர் கன்னத்திலும் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. வயிறு அடங்கிவிட்டது. தெருக்கோடிவரை போய்க் குழியை மூடிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு, கைத்தடி இல்லாமல் திரும்பி வந்தார்.

வந்து சொன்னார்: "நாகு, அரிசிம்பருப்பு ஆக்கு. அம்மிணி ஆக்கறது ஆஸ்பத்திரித் தீனியாட்ட இருக்குது."

"நான் ஆக்கலைங்க."

"ஆக்குன்னா ஆக்கு புள்ள. எத்தன வருசமாச்சு."

புதுக் குக்கரை வாங்கிய அன்றே கழுவியிருந்தார்கள். நாகமணி அதை மறுபடி மூன்று தரம் கழுவினாள். மேடையைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். அரிசியும் துவரம் பருப்பும் களைந்து ஊறவைத்தாள். சின்ன வெங்காயத்தை உரித்தாள். பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள். எண்ணெயில் தாளித்தாள். பருப்பு வாயு, அவருக்கு வயிறு இப்போதுதான் ஆறியிருக்கிறது என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, பெருங்காயத்தைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டாள்.

வாசம் மாடிக்கு ஏறி மதனை லேப்டாப்பை மூட வைத்தது. கிட்டுசாமி நெய் விட்டுப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றார். தின்று முடித்து, விரலை ஒவ்வொன்றாகச் சப்பினார்.

பொழுது சாய்வதற்குள் அவர் பாத்ரூமில் சுருண்டு கிடந்தார். தின்றது மொத்தமும் வாய் வழியாக வந்தது. மதன் தாங்கிப் பிடித்தான். நாகமணி வாசற்படியில் மரம்போல நின்றாள்.

"என்னத்தடி போட்ட?" என்று உள்ளேயிருந்து கத்தினார். "என்னத்தப் போட்ட அதுல?"

ரோஷினி மேடையில் இருந்த ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அரிசியில் எதுவும் இல்லை. பருப்பில் இல்லை. மஞ்சளில் இல்லை. கடைசியில் அந்தச் சின்ன டப்பா. பின்பக்கம் பொடி எழுத்து. படித்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கோதுமை மாவுங்க அத்தை. பெருங்காயத்துல கோதுமை மாவுதான் பாதி."

"பெருங்காயத்துலயா?"

"கட்டியா இருக்கறதப் பொடி பண்ணறதுக்குக் கலப்பாங்களாம். எனக்குந் தெரியலைங்க. எங்கம்மா ஊட்லயும் இதுதான்."

நாகமணி டப்பாவை வாங்கினாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். பிறந்ததிலிருந்து தெரிந்த வாசம். வயிற்று வலி என்றால் குழந்தைகளுக்குத் தொப்புளைச் சுற்றிப் பூசிவிடுகிற வாசம். மூடியை மூடி ரோஷினி கையிலேயே கொடுத்துவிட்டு, காரேஜுக்குப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

கிட்டுசாமி தேறுவதற்கு அந்த வாரம் முழுக்க ஆனது. நாகமணி அவர் பக்கத்தில் போகவில்லை. தண்ணீர்கூடத் தீக்ஷாவிடம் கொடுத்தனுப்பினாள்.

ரோஷினி ஒரு நாள் மத்தியானம் மாமனாரிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அத்தை சோறே உங்கறதில்லைங்க மாமா. டீ மட்டுந்தான் குடிக்கறாங்க. எப்பவாச்சும் வாழப்பழம். கேட்டா, அவரு தின்னாத சோத்த ஒளிஞ்சு தின்ன வாயி இதுங்கறாங்க. பயமா இருக்குதுங்க."

கிட்டுசாமி சுவரைப் பிடித்து எழுந்தார். அடுப்படிக்குப் போனார். வாழ்நாளில் முதல் தடவையாகக் குக்கர் மூடியைத் தானே திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து மேடையில் விரித்து வைத்தார், படிக்கத் தெரியாதுதான். கப்பில் தலைதட்டி அளந்து ஒரு தட்டில் கவிழ்த்தார். தயிரை ஊற்றினார். பாதி மேடையில் சிந்தியது.

"நாகமணீ!"

காரேஜ் கதவு திறந்தது.

"வா இங்க. உக்காரு."

"எனக்கு வேண்டாமுங்க."

"ஆரு உன்னயக் கேட்டா வேணுமா வேண்டாமான்னு? உக்காரு."

அவள் சாப்பாட்டு மேசையில், சுவர்ப் பக்கம் பார்த்த நாற்காலியை இழுத்தாள். அவர் அதைக் காலால் தள்ளி, தனக்கு எதிரே இருந்ததைக் காட்டினார். உட்கார்ந்தாள். தட்டை அவள் முன்னால் நகர்த்தினார்.

"இது உங்க பங்குங்க. சீட்டுல எழுதுன சோறு."

"எனக்கு எழுதுன சோறு, நான் ஆருக்கு வேணுன்னாலும் போடுவேன். தின்னு. என்ற கண்ணு முன்னால தின்னு."

ரோஷினி படியில் நின்றாள். கீழே வரவும் இல்லை, மேலே போகவும் இல்லை.

நாகமணி ஒரு கவளம் எடுத்தாள். வாயில் வைத்தாள். கன்னம் புடைத்தது. மென்ற மாதிரி தாடை ஆடியது; தொண்டை ஆடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மோவாய்க்கு வந்து தட்டில் சொட்டியது.

கிட்டுசாமி மேசையில் முழங்கையை ஊன்றி முன்னால் குனிந்தார்.

"வாயத் தொற."

திறந்தாள். சோறு கடைவாயில் அப்படியே இருந்தது.

"முழுங்கு" என்றார்.